எரிந்த நூலகமும் இரவல் தந்த நூலகமும்

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் கதைக்கச் சொல்லிக் கேட்டார்கள். சின்ன வயதில் டெனிஷ் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இரவல் எடுத்து வாசித்த கதையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கையை உயர்த்தினாள்.

"அண்ணா, டெனிஷ் லைப்ரரியில ஏன் தமிழ்ப் புத்தகம் வைச்சிருந்தவை? நாங்கள் கொஞ்சப் பேர்தானே?"

"சட்டம் அப்படி" என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கொஞ்சப் பேருக்காக ஒரு நாடு ஏன் புத்தகம் வாங்கி வைக்க வேண்டும்? அந்தத் தங்கச்சிக்கும் உங்களுக்கும் நான் எழுதும் பதில் இது. கொஞ்சம் நீளமான பதில். யாழ்ப்பாணத்தில் தொடங்கி, ஜேர்மன் எல்லை வரை போய்த் திரும்பி வரவேண்டும்.

பின்பக்கத்தில் ஒரு தட்டு

நான் வளர்ந்தது மேற்கு யூலாந்தில் ஒரு சின்ன ஊரில். 1990களின் பிற்பகுதி. ஊர் நூலகத்தின் பின்பக்கத்தில், துருக்கி, அரபு, வியட்நாமிய மொழிப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் தமிழுக்கென்று ஒரு தட்டு இருந்தது. முப்பது நாற்பது புத்தகங்கள்தான். நாவல்கள், சமையல் புத்தகங்கள், சிறுவர் கதைகள். சில மாதங்களுக்கு ஒருமுறை அவை போய் வேறு புத்தகங்கள் வரும்.

சனிக்கிழமை காலையில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் டெனிஷ் படக்கதைகளைப் பொறுக்குவேன். அப்பா அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்பார். ஒரு புத்தகத்தை எடுத்து, விரித்து, திருப்பி வைத்து, அடுத்ததை எடுப்பார். தொழிற்சாலையில் வாரம் முழுக்க நின்று வேலை செய்த மனுசன் இங்கேயும் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் காரில் வரும்போது அவராகவே சொன்னார். "அங்க எரிச்சவங்கள். இங்க இரவல் தாறாங்கள்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அவர் சொன்னது விளங்கப் பல வருடங்கள் பிடித்தன.

97,000 புத்தகங்கள்

யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு தனி மனிதரின் வீட்டில் தொடங்கியது. க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊர்ப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த அறையில் இருந்தவை 844 புத்தகங்கள். பிறகு நகரசபை அதைப் பொறுப்பேற்றது. மக்கள் காசு சேர்த்தார்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். திராவிடக் கட்டடக்கலையில் எழுந்த வெள்ளை நிறக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது.

அப்பா உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது அந்தக் கட்டடத்தில்தான். வீட்டில் மேசை இல்லை, மின்சாரமும் இல்லை. நூலகத்தில் இரண்டும் இருந்தன.

1981 மே மாத இறுதி. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் நகரத்தில் பல இடங்களுக்குத் தீ வைத்தார்கள். மே 31க்கும் ஜூன் 1க்கும் இடையில் நூலகமும் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் அவற்றில் அடக்கம். பல மொழிகள் கற்ற தாவீது அடிகள் என்ற பாதிரியார் தன் இருப்பிடத்தில் இருந்து அந்தத் தீயைப் பார்த்து, அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனார்.

ஒரு கடையை எரித்தால் அதன் சொந்தக்காரர் நட்டப்படுவார். ஒரு நூலகத்தை எரித்தால் எல்லோருக்கும் ஒரு செய்தி போகிறது. நீங்கள் இங்கே வேண்டாதவர்கள் என்ற செய்தி. இரண்டு வருடங்களில் 1983 ஜூலை வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், முன்பு பெயர்கூடக் கேள்விப்படாத டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரே நாடு, இரண்டு கதவுகள்

அப்பா சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் கேட்டால் அங்கே கெட்டவர்கள், இங்கே நல்லவர்கள் என்று தோன்றும். வரலாறு அவ்வளவு நேராக இல்லை.

டென்மார்க்கின் 1983ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டப்படி, அகதிகளுக்குத் தங்கள் மனைவி, பிள்ளைகளை அழைப்பிக்கும் உரிமை இருந்தது. 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். சட்டம் மாற்றப்படவில்லை. கோப்புகள் மட்டும் நகராமல் நின்றன. இங்கே ஒருவர் குளிரில் காத்திருந்தார். அங்கே அவருடைய குடும்பம் போருக்குள் காத்திருந்தது.

இது வெளியே வந்தபோது நாடாளுமன்றம் கொதித்தது. எதையும் கம்பளத்துக்குக் கீழே தள்ளி மறைக்கவில்லை என்று பிரதமர் பௌல் ஸ்லூட்டர் 1989இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தப் பேச்சே பிறகு அவருக்கு வினையானது. உச்ச நீதிமன்ற நீதிபதி மோகென்ஸ் ஹோர்ன்ஸ்லெத் நடத்திய விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தது. ஏறத்தாழ 6,000 பக்கங்கள். ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றம் 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் வரலாற்றுப் புத்தகங்களில் இதற்குப் பெயர் 'தமிழர் வழக்கு'. பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது உங்கள் வகுப்பில் எல்லோரும் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள். எனக்கு அது நடந்தது.

ஒரே நாட்டில் ஒரு மேசையில் தமிழரின் கோப்புகள் தூங்கின. இன்னொரு மேசையில் யாரோ ஒருவர் தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, எண் ஒட்டி, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாடு உங்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்காது. எந்த மேசைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

பெட்டி எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர் நூலகர்களுக்கு ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. அவர்களால் எப்படித் தமிழ் நாவல்களைத் தெரிவு செய்திருக்க முடியும்?

அவர்கள் தெரிவு செய்யவில்லை. ஓர்ஹூஸில் தலைமையகம் கொண்ட அரச நூலகத்தின் ஒரு பகுதியாகக் 'குடிவரவாளர் நூலகம்' என்று ஒன்று இயங்கியது. பல மொழிப் புத்தகங்களை வாங்கிச் சேர்ப்பது அதன் வேலை. ஊர் நூலகம் தன் பகுதியில் என்ன மொழி பேசும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், அந்த மொழிப் புத்தகங்களை ஒரு தொகுதியாகக் கடன் கொடுக்கும். வாசித்து முடித்த தொகுதி திரும்பிப் போகும். அடுத்தது வரும். எங்கள் தட்டில் புத்தகங்கள் மாறியது இப்படித்தான்.

இது எங்களுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல. 1909இல் ஓர்ஹூஸில் ஒரு பெரிய தேசியக் கண்காட்சி நடந்தது. அப்போது கொப்பன்ஹேகன் அரச குடும்ப நூலகத்தின் தலைவராக இருந்த எச். ஓ. லாங்க ஒரு திட்டத்தை முன்வைத்தார். சின்ன ஊர் நூலகத்தால் எல்லாப் புத்தகங்களையும் வாங்க முடியாது. ஆகவே பெரிய நூலகம் சின்ன நூலகத்துக்குக் கடன் கொடுக்க வேண்டும். விவசாயக் கிராமத்தில் இருப்பவருக்கும் தலைநகரத்தில் இருப்பவருக்கும் ஒரே புத்தகம் கிடைக்க வேண்டும். 1920இல் வந்த முதலாவது நூலகச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு அரசின் பணத்தைச் சேர்த்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கொமூனும் பொது நூலகம் நடத்த வேண்டும் என்றது.

2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு புத்தகத்தை நூலகத்துக்கு எடுக்கும்போது அதன் தரம், பல பக்கங்களையும் காட்டும் தன்மை, காலப் பொருத்தம் ஆகிய மூன்றைத்தான் பார்க்க வேண்டும். அதில் உள்ள சமயக் கருத்தோ அரசியல் கருத்தோ பிடிக்கவில்லை என்பது ஒதுக்குவதற்குக் காரணமாகாது. 1981இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டு இதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

டெனிஷ்காரரும் ஒருகாலத்தில் கொஞ்சப் பேர்தான்

தங்கச்சியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கொஞ்சப் பேருக்கு ஏன்? அதற்கு ஜேர்மன் எல்லைக்குப் போகவேண்டும்.

1864இல் டென்மார்க் பிரஷ்யாவோடும் ஒஸ்திரியாவோடும் நடந்த போரில் தோற்றது. சிலெஸ்விக் பகுதி கையை விட்டுப் போனது. அதன் வடபகுதியில் வாழ்ந்த டெனிஷ் மக்கள், வீடு வாசலை விட்டு எங்கும் போகாமலேயே இன்னொரு நாட்டில் சிறுபான்மை ஆனார்கள். 1888இல் அங்கே பள்ளிக்கூடங்களில் ஜேர்மன் மொழி கட்டாயமானது. சமய பாடத்துக்கான சில மணித்தியாலங்கள் தவிர டெனிஷ் மொழிக்கு இடமில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டெனிஷ் மொழியைக் காப்பதற்கென்று 1880இலேயே ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கம் ஊர் ஊராகச் சின்னப் புத்தகத் தொகுதிகளை வைத்து இரவல் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்த பிள்ளை வீட்டில் டெனிஷ் கதை வாசித்தது. 1920இல் எந்த நாட்டோடு சேர்வது என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது வடசிலெஸ்விக் பெரும்பான்மையாக டென்மார்க்கைத் தெரிவு செய்தது. ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளுக்குப் பிறகும் அங்கே டெனிஷ் உயிரோடு இருந்ததில் அந்தப் புத்தகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லை நகர்ந்த பிறகும் இரண்டு பக்கத்திலும் சிறுபான்மையினர் மிஞ்சினார்கள். இன்றைக்கும் ஜேர்மனியின் ஃபிளென்ஸ்பூர்க் நகரத்தில் டெனிஷ் மொழிக்கு ஒரு மத்திய நூலகம் இருக்கிறது. டென்மார்க்கின் ஓபென்றோவில் ஜேர்மன் மொழிக்கு ஒன்று இருக்கிறது. இரண்டும் கிராமங்களுக்குப் புத்தக பஸ் அனுப்புகின்றன.

இந்த அனுபவத்தால்தான் டென்மார்க் எங்களுக்குப் புத்தகம் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொஞ்சப் பேருக்கு ஏன் ஒரு தட்டு என்று எந்த டெனிஷ்காரராவது கேட்டால், பதில் அவர்களுடைய சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது என்று சொல்லலாம்.

பள்ளிக்கூடம் கைவிட்டபோது

2002இல், டெனிஷ் கொமூன்கள் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்ற கடப்பாட்டை அரசாங்கம் பெருமளவில் நீக்கியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் மொழிகளுக்கும் இன்னும் சிலவற்றுக்கும் கடப்பாடு தொடர்ந்தது. தமிழ், துருக்கி, அரபு, சோமாலி போன்றவற்றுக்குத் தொடரவில்லை. டெனிஷ் கற்பதற்குத் தாய்மொழி இடைஞ்சல் என்று அப்போது பலர் வாதாடினார்கள்.

1888இல் வடசிலெஸ்விக் பிள்ளைகளுக்கு நடந்ததும் 2002இல் எங்களுக்கு நடந்ததும் ஒன்றல்ல. எங்களை யாரும் தமிழ் பேசக்கூடாது என்று தடுக்கவில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடங்களை எங்கள் பெற்றோர் தங்கள் செலவில் நடத்தினார்கள். ஆனால் ஒரு விஷயம் ஒத்துப்போகிறது. பள்ளிக்கூடம் ஒரு மொழியைக் கைவிட்டபோது, இரண்டு முறையும் புத்தகத் தட்டு கைவிடவில்லை.

அதே நூலகங்களில்தான் மாலை நேரத்தில் வீட்டுப்பாட உதவியும் நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் காசு வாங்காமல் வந்து இருப்பார்கள். டெனிஷ் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் கணக்கோடும் கட்டுரையோடும் அவர்களிடம் போவோம். ஒரே கட்டடம் எங்களுக்கு டெனிஷையும் சொல்லித்தந்தது, தமிழையும் இரவல் தந்தது. ஒன்றை விட்டால்தான் மற்றது வரும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

நூலகம் என்ற எண்ணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தவர்களும் இங்கே உண்டு. 2000இல் ரொஸ்கில்ட இசைவிழாவில் ரொனி அபேர்கெல் என்பவரும் அவருடைய நண்பர்களும் 'மனித நூலகம்' ஒன்றைத் திறந்தார்கள். அங்கே புத்தகம் என்பது ஒரு ஆள். நீங்கள் முன்பின் பழகாத, ஒருவேளை பயப்படும் ஒருவரை இரவல் எடுத்து, எதிரே இருந்து, கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்கலாம். இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் அது நடக்கிறது. 2015இல் ஓர்ஹூஸில் திறந்த டொக்1 நூலகத்தில் ஒரு பெரிய வெண்கல மணி தொங்குகிறது. நகர வைத்தியசாலையில் ஒரு பிள்ளை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த மணி நூலகத்தில் ஒலிக்கும். பிறந்தது யாருடைய பிள்ளை, வீட்டில் என்ன மொழி என்று மணிக்குத் தெரியாது. வாசித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து சிரித்துவிட்டு மீண்டும் குனிவார்கள்.

தட்டு இப்போது எங்கே?

இனிச் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்.

போன இலையுதிர்காலத்தில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போனபோது, அந்த ஊர் நூலகத்துக்குள் ஒருக்கால் நுழைந்தேன். பின்பக்கம் போனேன். தமிழ்த் தட்டு இல்லை. அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாட ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். கோபத்தோடு நூலகரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: கடைசி வருடங்களில் அதில் இருந்து ஒரு புத்தகம்கூட இரவல் போகவில்லை. ஆகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் கணினித் துறையில் வேலை செய்பவன். திரையில் ஒரு வரிசைக்கு நேரே தொடர்ந்து பூச்சியம் வந்தால் அந்த வரிசைக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பூச்சியத்தில் என் பங்கும் இருந்தது. பதினாலு வயதுக்குப் பிறகு நான் அங்கே ஒரு தமிழ்ப் புத்தகமும் எடுக்கவில்லை. யாரும் எரிக்கவில்லை. யாரும் தடை செய்யவில்லை. நாங்கள் போகவில்லை, அவ்வளவுதான்.

நூலகர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். நாடு முழுவதும் உள்ள நூலகங்களில் எங்கே ஒரு புத்தகம் இருந்தாலும், இணையத்தில் தேடி உங்கள் ஊர் நூலகத்துக்கே வரவழைக்கலாம். அந்தச் சேவை 2000ஆம் ஆண்டில் இருந்து இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டிச் சொல்ல அவர் தட்டினார். ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு கிடைத்தது. சில நாட்களில் வந்துசேர்ந்தது. அப்பாதான் போய் எடுத்தார். வாசித்து முடித்துவிட்டு, "அடுத்ததுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று தொலைபேசியில் கேட்டார்.

யாழ்ப்பாண நூலகம் மீண்டும் கட்டப்பட்டு 2003இல் வாசகர்களுக்காகத் திறக்கப்பட்டது. எரிந்த ஓலைச்சுவடிகள் திரும்பி வரவில்லை. 2005இல் சில இளைஞர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் திட்டம், ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்வருடி, யாரும் வாசிக்க வைத்திருக்கிறது. இனி ஒரு தீப்பெட்டியால் எல்லாவற்றையும் அழிக்க முடியாது. ஆனால் ஒருவரும் திறந்து பார்க்காத பக்கத்துக்கு அங்கேயும் பூச்சியம்தான் வரும்.

ஆகவே தங்கச்சி, உன் கேள்விக்கு என் பதில் இது. நாங்கள் கொஞ்சப் பேர்தான். கொஞ்சப் பேருக்கும் வாசிக்க உரிமை உண்டு என்று இந்த நாட்டில் சிலர் நூறு வருடங்களுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். அதனால்தான் தமிழ்ப் புத்தகம் வைத்திருந்தவை. அந்தத் தட்டு நிற்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. யாராவது வந்து எடுக்கவும் வேண்டும்.

உங்களிடம் நூலக அட்டை இருக்கிறதுதானே? இந்த வாரம் ஒரு தமிழ்ப் புத்தகத்துக்குச் சொல்லிவையுங்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அப்பம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். திகதி தவறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுங்கள்.